பக்கத்து ஊர் ரேட்டில் உங்கள் ஊரில் போர்டு மாட்ட முடியாது

"கோயம்புத்தூர்ல சதுர அடி 650 சொல்றாங்க, நீங்க என்னண்ணே 1,100 போட்டிருக்கீங்க?"

மதுரையில் பெயர்ப்பலகைத் தொழில் செய்கிறவன் நான். இந்தக் கேள்வி வராத மாதம் கிடையாது. கேட்பதில் தப்பே இல்லை, காசு உங்களுடையது. ஆனால் நான் சொல்லும் பதிலைக் காதில் வாங்காமல், வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷனுக்கு அட்வான்ஸ் போட்டுவிடுகிறார்கள். கடை திறப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது, "அண்ணே, போர்டு லாரி ஆபீசுக்கு வந்திருச்சு, மாட்டி மட்டும் குடுங்க" என்று வந்து நிற்கிறார்கள். கடைசியாக இப்படி வந்தவர் தூத்துக்குடியில் மருந்துக் கடை திறந்தவர். பார்சலைப் பிரித்தால் அக்ரிலிக் எழுத்தில் விரிசல், பின்னால் பிரேமே இல்லை. சுவரில் எதைப் பிடித்து மாட்டுவது என்று அனுப்பியவரைப் போனில் கேட்டால், "அது உங்க லோக்கல் ஆள் பாத்துக்குவார்" என்கிறார். பிரேம், சாரம், ஆள்கூலி, உடைந்த எழுத்து எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டதில் என் பழைய கொட்டேஷனைத் தாண்டிவிட்டது.

முதலில் இந்தச் சதுர அடி மயக்கத்தைத் தெளிய வைக்க வேண்டும். சதுர அடி ரேட் என்பது பேச்சு வசதிக்கு நாங்களே கிளப்பிவிட்டது, இப்போது எங்களையே அடிக்கிறது. பத்தடி நீளம், மூன்றடி உயரத்தில் ஏசிபி (இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு ஒட்டிய பிளாஸ்டிக் ஷீட்) போர்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 சதுர அடி. ஏசிபி ஷீட் சாதாரணமாக 8க்கு 4 அளவில் வரும், அதாவது 32 சதுர அடி. "அப்ப ஒரு ஷீட் போதுமே?" என்பார்கள். எட்டடி ஷீட்டில் பத்தடி போர்டு எப்படி வரும்? பத்தடி ஷீட் கிடைத்தாலும் வராது. நாலு ஓரத்தையும் இரண்டு அங்குலம் உள்பக்கமாக மடிக்க வேண்டும், ஆக நீளத்தில் மட்டும் நாலு அங்குலம் கூடுதலாக வேண்டும். பன்னிரண்டடி ஷீட் எடுத்தால் ஒரே ஷீட், ஒட்டு இல்லாத போர்டு, 48 சதுர அடிக்குக் காசு. பன்னிரண்டடி ஷீட் சென்னை, கோவை டீலர்களிடம் எளிதாகக் கிடைக்கும். சிறிய ஊரில் டீலர் வைத்திருப்பது எட்டடி மட்டும்தான். அங்கே இரண்டு ஷீட், 64 சதுர அடிக்குக் காசு, நடுவில் ஒரு ஒட்டு வேறு. அளவு அதே 30 சதுர அடிதான், வாங்கும் பொருள்தான் வேறு.

மிச்சம் விழும் துண்டிலும் ஊர் வித்தியாசம் உண்டு. தினமும் வேலை ஓடும் பட்டறையில் அந்தத் துண்டு அடுத்த வாரமே ஒரு டாக்டர் பெயர்ப் பலகையாகப் போய்விடும், அதனால் அதன் விலையை உங்கள் தலையில் கட்டத் தேவையில்லை. மாதம் மூன்று நாலு போர்டு செய்கிற ஊரில் அது சுவரோரமாகச் சாய்ந்து கிடந்து கீறல் விழும். அந்தக் காசை அவர் வேறு எங்கே எடுப்பார்?

பிளெக்ஸ் ரேட்டை இதோடு ஒப்பிடுகிறவர்களும் உண்டு. மதுரைப் பக்கம் காதுகுத்து முதல் கட்சிக் கூட்டம் வரை எல்லாவற்றுக்கும் பிளெக்ஸ்தான். அதனால் தெருவுக்குத் தெரு மெஷின், போட்டியில் ரேட் தரைமட்டம். இரண்டு நாள் தொங்கிவிட்டு இறங்குகிற பிளெக்ஸின் விலையை வைத்து, பல வருஷம் நிற்க வேண்டிய கடை போர்டைப் பேரம் பேசாதீர்கள்.

அடுத்தது எழுத்து. எழுத்துக்கு விலை பெரும்பாலும் உயரத்தை வைத்துத்தான், ஒரு எழுத்துக்கு, அங்குலத்துக்கு இத்தனை ரூபாய் என்று போடுவார்கள். 'மீனாட்சி ஸ்டோர்ஸ்' என்று எழுதிப் பாருங்கள். வாசிக்கும்போது எட்டு எழுத்து. சிஎன்சியில், அதாவது கம்ப்யூட்டர் வெட்டு மெஷினில், வெட்டும்போது பதினைந்து துண்டு. 'டோ' மட்டும் மூன்று துண்டு, கொம்பு ஒன்று, ட ஒன்று, கால் ஒன்று. புள்ளிகள் நாலும் தனித்தனித் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் உள்ளே தனி மாட்யூல் (சின்ன எல்இடி விளக்கு), தனி ஒயர், சுவரில் தனி ஓட்டை. ஒருவர் எட்டுக்கு விலை சொல்லியிருப்பார், இன்னொருவர் பதினைந்துக்கு. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து "இவன் கொள்ளைக்காரன்" என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள். வெளிமாநிலத்தில் செய்து வாங்கினால் இன்னொரு வம்பு: புள்ளி விட்டுப்போய் வரும். 'ஸடோரஸ' என்று எரிந்துகொண்டிருந்த போர்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தமிழ் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1948ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் விதிகளில் 15ஆம் விதிப்படி பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும், வேறு மொழி வைத்தால் தமிழுக்கு அடுத்துத்தான். வெறும் ஆங்கிலத்தில் மலிவாக வந்து இறங்கிய போர்டைக் கழற்றி, பிறகு தமிழ் சேர்க்கிற செலவை யாரும் கொட்டேஷனில் எழுதுவதில்லை.

இடத்தின் தன்மை பற்றி நிறையச் சொல்லலாம். தூத்துக்குடி, நாகப்பட்டினம், ராமேஸ்வரம் என்று கடற்கரை ஊர் எதுவானாலும் உப்புக் காற்று சாதாரண இரும்புக் குழாயைத் தின்றுவிடும். கோவையில் ஒரு கோட் பெயின்ட் அடித்து மாட்டுகிற பிரேமை அங்கே மாட்டினால், கொஞ்ச நாளிலேயே வெள்ளைச் சுவரில் துருக்கோடு இறங்கும். ஜிஐ, அதாவது துத்தநாகப் பூச்சுள்ள குழாய் போட வேண்டும். ஸ்டீல் எழுத்து என்றால் 304 கிரேடு, கடலை ஒட்டிய கடை என்றால் 316. விலை குறைத்துச் சொல்கிறவர் சீக்கிரம் துருப்பிடிக்கிற 202 போட்டிருப்பார். புதிதாகப் பார்க்க எல்லாம் ஒரே பளபளப்புதான், முதல் மழைக்காலம் முடிந்ததும் தெரியும். ஆரல்வாய்மொழி, பல்லடம், உடுமலைப் பக்கம் பிரச்சினை காற்று. மற்ற ஊரில் 18 கேஜ் குழாய் போதும் என்கிற இடத்தில் அங்கே அதைவிடத் தடிமனான 16 கேஜ் (கேஜ் எண் குறைந்தால் தடிமன் கூடும்), கூடுதல் தாங்கு, நீளமான ஆங்கர் போல்ட் வேண்டும். கொடைக்கானல் என்றால் ஏற்றுக்கூலி, ஆட்கள் தங்கும் செலவு, ஈரத்துக்கு ஏற்ற ஒயரிங். சென்னையிலோ பொருள் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது, வேலைதான் விலை. மாலில் இருக்கும் கடை என்றால் ராத்திரி கடை அடைத்த பிறகுதான் உள்ளே விடுவார்கள், விடிவதற்குள் முடித்துவிட்டு வெளியேற வேண்டும். அந்த ராத்திரிக் கூலி தனி. பெரிய ஊர் என்றாலே விலை கூடுதல், சின்ன ஊர் என்றாலே மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லாதீர்கள். ஒன்றில் பொருள் மலிவு, இன்னொன்றில் கூலி மலிவு, சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு.

எல்இடியில் நடக்கிற சிக்கனம் இன்னும் மோசம், இது ஆபத்தும்கூட. 200 மாட்யூல், ஒன்றுக்கு 1.2 வாட் என்றால் 240 வாட். 12 வோல்ட்டில் அது 20 ஆம்பியர். அதற்கு 25 ஆம்பியர், 300 வாட் எஸ்எம்பிஎஸ் (வீட்டு கரண்டை 12 வோல்ட்டாக மாற்றும் பெட்டி) கொடுத்தால்தான் மூச்சுத் திணறாமல் ஓடும். மலிவு போர்டைத் திறந்தால் உள்ளே 200 வாட் பெட்டி, அதுவும் மழைக்குத் தாங்காத ரகம். சூடேறி, மங்கி, ஒரு நாள் புகையும். துணிக்கடை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதில் பேரம் பேச வேண்டாம். 'ர்' மட்டும் எரியவில்லை என்று ராத்திரி எட்டு மணிக்கு நீங்கள் கூப்பிட்டால் ஏணியோடு வருகிறவர் உள்ளூர்க்காரர்தான். அந்த வருகைக்கான காசும் அவர் சொன்ன விலைக்குள் இருக்கிறது.

சரி, உள்ளூர்க்காரர் எல்லாரும் உத்தமர் என்று நான் சொல்லவில்லை. ஊரில் ஒரே பட்டறை என்றால் வைத்ததுதான் விலை. ஆவணி, தை முகூர்த்தங்களில் எல்லாரும் ஒரே நாளில் கடை திறப்பதால் நாங்களும்தான் ஏற்றுகிறோம். ஆடியில் பட்டறை சும்மா கிடக்கும். அப்போதே ஆர்டர் கொடுத்துவிட்டு ஆவணியில் மாட்டுங்கள், விலையும் படியும், வேலையும் நிதானமாக நடக்கும்.

கொட்டேஷன் வாங்கும்போது மொத்தத் தொகையை எழுதச் சொல்லுங்கள், சதுர அடி ரேட்டை அல்ல. ஏசிபி எத்தனை எம்எம், ஒட்டு வருமா வராதா, குழாய் எந்தக் கேஜ், ஸ்டீல் என்றால் என்ன கிரேடு, எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட், எல்லாம் தாளில் வர வேண்டும். மாட்டுக்கூலி, சாரம், வண்டி வாடகை, 18 சதவீத ஜிஎஸ்டி இதில் சேர்ந்ததா என்று கேளுங்கள், "பாத்துக்கலாம்ணே" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வெளியூர்க் கொட்டேஷன் வைத்திருந்தால் தாராளமாகக் காட்டுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். இதே விவரங்கள் அதிலும் இருந்தால் வரிக்கு வரி உட்கார்ந்து பேசலாம். முழுப் பணத்தை முன்கூட்டி யாருக்கும் கொடுக்காதீர்கள், எனக்கும்தான். போர்டை மாட்டி, ஒரு ராத்திரி முழுக்க எரியவிட்டு, காலையில் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.