கூரையில் சோலார், ஃபீடரில் அதே நிலக்கரி

அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவன் என்று தெரிந்தால் போதும், "சோலார் வைத்தால் நிலக்கரி நிலையமும் சுத்தமாகிவிடும்தானே?" என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். வைத்த பிறகு ஃபீடரில் (அரைக்கும் மில்லுக்கு நிலக்கரியை அளந்து அனுப்பும் கருவி) நிலக்கரி எத்தனை டன் குறைந்தது?

பழைய நிலையங்களில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 1 கிலோ கார்பன் டைஆக்சைடு புகைபோக்கி வழியே போகிறது. அலுவலகக் கூரையில் தகடு பரப்பினால் விளக்கும் ஏசியும் ஓடும், படம் பிடிக்கவும் அழகாக இருக்கும். மில்லில் அரைபடும் நிலக்கரி அதனால் பெரிதாகக் குறைந்துவிடாது.

உண்மையில் பயன் தருவது சூரிய வெப்பம். பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சுமார் 250 டிகிரி வரை சூடாக்கித்தான் அனுப்புகிறோம். அதற்காக டர்பைனில் பாதி வழி வந்த நீராவியை உருவி ஹீட்டர்களுக்குக் கொடுக்கிறோம். உருவாமல் விட்டிருந்தால் அது இன்னும் கொஞ்சம் மின்சாரம் தந்திருக்கும். தொட்டி வடிவில் வளைந்த கண்ணாடிகள் வெயிலைக் குவித்து எண்ணெயை 390 டிகிரி வரை சூடேற்றும். பாய்லரின் 540 டிகிரி நீராவிக்கு அது எட்டாது, தண்ணீரைச் சூடாக்கத் தாராளம்; உருவ வேண்டிய நீராவி மிச்சமாகும். டர்பைனும் ஜெனரேட்டரும் ஏற்கெனவே இருப்பதால் செலவு பெரும்பாலும் கண்ணாடிக்கும் குழாய்க்கும்தான். ஆஸ்திரேலியாவின் லிடெல்லிலும், 2010இல் அமெரிக்காவின் கொலராடோவில் கேமியோ நிலையத்திலும் இப்படிச் சூரிய வெப்பத்தை இணைத்துப் பார்த்தார்கள். குவீன்ஸ்லாந்தின் கோகன் கிரீக்கில் 44 மெகாவாட்டுக்குத் தொடங்கிய திட்டம் 2016இல் கைவிடப்பட்டது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மிச்சமான நீராவியை என்ன செய்வது? கண்ட்ரோல் ரூமில் இருப்பவருக்குக் கூடுதல் மெகாவாட் காட்டத்தான் கை போகும் (எனக்கும் போயிருக்கிறது). அப்போது நிலக்கரி அதே அளவுதான் எரியும், மின்சாரம் மட்டும் கூடும். யூனிட் கணக்கில் புகை குறைந்ததுபோல் தெரியும், புகைபோக்கியில் குறைந்திருக்காது. மின்சாரத்தை அப்படியே வைத்து நிலக்கரியைக் குறைக்கவும் அதே கண்ணாடியால் முடியும். முதலிலேயே அப்படி முடிவெடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

புகையிலுள்ள கார்பன் டைஆக்சைடைப் பிடிக்க அடுத்த வழி எரிபொருள் மின்கலம், அதாவது எரிபொருளை எரிக்காமல் வேதிவினையால் மின்சாரமாக்கும் கருவி. இங்கே பொருந்துவது சுமார் 650 டிகிரியில் இயங்கும் உருகிய கார்பனேட் வகை. புகையை ஒரு பக்கம் விட்டால், அதிலுள்ள கார்பன் டைஆக்சைடு ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பனேட் அயனியாகி, உருகிய உப்பைக் கடந்து மறுபக்கம் போகும். அங்கே ஹைட்ரஜனோடு வினைபுரிந்து தண்ணீரும் கார்பன் டைஆக்சைடுமாக வெளிவரும். புகையில் 15 சதவீதத்துக்குள் கலந்து கிடந்த வாயு பிடித்துவைக்கத் தோதாகச் செறிந்துவிடுகிறது, கூடவே மின்சாரமும் கிடைக்கிறது. கார்பன் டைஆக்சைடை உறிஞ்சும் அமீன் என்ற வேதிப்பொருளின் கரைசலால் பிடிக்கும் முறையிலோ, கரைசலை 120 டிகிரியில் காய்ச்சவே டர்பைனின் நீராவியைப் பறிகொடுக்க வேண்டும்.

இலவசம் என்று நினைக்க வேண்டாம். அந்த ஹைட்ரஜனுக்குப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுதான் வேண்டும். சூரிய மின்சாரத்தால் ஹைட்ரஜன் செய்யலாமே என்றால், 1 கிலோவுக்கு 50 யூனிட்டுக்கு மேல் செலவாகும். சாதாரண எரிபொருள் கலத்தில் அதைத் திரும்ப மின்சாரமாக்கினால் கிடைப்பது 20 யூனிட்டுக்கும் கீழே.

இந்தக் கலத்துக்குக் கந்தகம் நஞ்சு. கந்தக நீக்கி நன்றாக ஓடினாலும் மிஞ்சும் கொஞ்சநஞ்சத்தையும் இன்னொரு முறை கழுவ வேண்டும், சாம்பல் தூசும் வரக்கூடாது. சாம்பல் பிடிக்கும் ஈஎஸ்பியில் ஒரு ஃபீல்டு (தூசை மின்னூட்டத்தால் இழுக்கும் பகுதி) டிரிப் ஆன பிறகும் நாள்கணக்கில் அப்படியே ஓட்டிய நிலையங்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே இந்தக் கலத்தைக் கொண்டுபோய் வைக்கும் முன் அந்த ஃபீல்டைச் சரிசெய்யச் சொல்வேன். அதற்குப் புதுத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை, ஒரு ஷட்டவுன் போதும்.