புது ஹார்ட் டிஸ்க் வந்ததும் கணினி ஏன் முரண்டு பிடிக்கிறது?

இருக்கிற இடம் போதாமல் இன்னொரு ஹார்ட் டிஸ்க்கை மாட்டி, பட்டனை அழுத்துகிறீர்கள். நேற்று வரை ஒழுங்காக ஓடிய கணினி, இயங்குதளத்தைக் காணவில்லை என்று கருப்புத் திரையில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடுகிறது. பழைய டிஸ்க்கை நீங்கள் தொடக்கூட இல்லை. அதிலிருந்த விண்டோஸ் எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. கணினி அதைத் தேடிப் போகவே இல்லை, அவ்வளவுதான்.

பட்டனை அழுத்தும் நேரத்தில் கணினிக்கு விண்டோஸும் தெரியாது, லினக்ஸும் தெரியாது. மதர்போர்டில் ஒரு சிறு சிப்பில் இருக்கும் பயாஸ் என்ற தொடக்க நிரல்தான் முதலில் கண் விழிக்கிறது. நினைவகம் இருக்கிறதா, திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எந்தெந்த டிஸ்க்குகள் மாட்டப்பட்டிருக்கின்றன என்று விசாரிக்கிறது. அப்புறம் தன்னிடம் உள்ள பூட் வரிசைப்படி, அதாவது இயங்குதளத்தை எந்த டிஸ்க்கில் முதலில் தேடுவது என்ற பட்டியல்படி, முதல் டிஸ்க்கிடம் போகிறது. பழைய முறையில் அது படிப்பது அந்த டிஸ்க்கின் முதல் 512 பைட்டை மட்டும். அதில் 446 பைட் வரை ஒரு குட்டி நிரலுக்கு, 64 பைட் நான்கு பார்ட்டிஷன்களின், அதாவது டிஸ்க்கைப் பிரித்த பகுதிகளின், விவரத்துக்கு, கடைசி 2 பைட் ஒரு முத்திரைக்கு. முத்திரை சரியாக இருந்தால் பொறுப்பை அந்த நிரலிடம் ஒப்படைத்துவிடும். உள்ளே உண்மையிலேயே இயங்குதளம் இருக்கிறதா என்று பார்க்கிற வழக்கம் பயாஸுக்குக் கிடையாது.

சிக்கலே இங்குதான். பார்ட்டிஷன் போட்ட டிஸ்க்கில், வெறும் படங்களும் பாட்டுகளும் மட்டும் இருந்தாலும், அந்த முத்திரை இருக்கும். புது டிஸ்க்கை முதல் சாட்டா போர்ட்டில் (டிஸ்க்கின் டேட்டா கேபிளுக்கு மதர்போர்டில் உள்ள இடம்) செருகியதாலோ, மதர்போர்டு தானாகவே வரிசையை மாற்றியதாலோ அது முன்னால் வந்துவிட்டால், கணினி அதை நம்பிப் போய் ஏமாந்து நிற்கும். பயாஸின் செட்டப் திரைக்குள் போய்ப் பழைய டிஸ்க்கை மறுபடி முதலிடத்தில் வைத்தால் போதும். அந்தத் திரைக்குப் பல கணினிகளில் டெலீட் அல்லது எஃப்2 விசை.

இன்றைய கணினிகளில் பழைய பயாஸின் இடத்தில் உள்ள யூஇஎஃப்ஐ இந்த விஷயத்தில் கொஞ்சம் விவரமானது. எந்த பார்ட்டிஷனில் உள்ள எந்தக் கோப்பை ஓட்ட வேண்டும் என்பதையே தன் நினைவில் குறித்து வைத்துக்கொள்கிறது. அதனால் புது டிஸ்க்கைக் கண்டு அவ்வளவு எளிதில் குழம்பாது. ஆனால் இதிலும் ஒரு பொறி உண்டு, அதில் நானே விழுந்திருக்கிறேன். இரண்டு டிஸ்க்குகள் மாட்டியிருந்தபோது விண்டோஸை நிறுவினேன். விண்டோஸ் ஒரு டிஸ்க்கில் உட்கார்ந்தது. அதைத் துவக்கும் சிறிய பார்ட்டிஷனோ மற்றதில் ஏற்கெனவே இருந்ததையே பயன்படுத்திக்கொண்டது. பல மாதம் கழித்து, வெறும் சேமிப்புக்குத்தானே என்று அந்த இரண்டாவது டிஸ்க்கைக் கழற்றினேன். அன்றோடு கணினி பூட் ஆகவில்லை. அதிலிருந்து நிறுவும் நேரத்தில் மற்ற டிஸ்க்குகளைக் கழற்றி வைத்துவிடுவேன்.

திரையில் எழுத்தே வராமல், விசிறி சுற்றி நின்று, மறுபடி சுற்றினால் கதை வேறு. அது மின்சாரம். ஓடிக்கொண்டிருக்கும் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 10 வாட்டுக்குள் போதும். ஆனால் நின்றிருக்கும் தட்டுகளைச் சுழலவைக்கும் முதல் சில நொடிகளில் 12 வோல்ட் கம்பியில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். அதாவது 24 வாட். நான்கு டிஸ்க் ஒரே நேரத்தில் எழுந்தால் கிட்டத்தட்ட 100 வாட். கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் வயதானதாக இருந்தால் அங்கேதான் மூச்சு வாங்கும். ஒரே இணைப்பைப் பிரித்துப் பிரித்து மாட்டியிருந்தால் இன்னும் மோசம்.

பூட் வரிசையா, மின்சாரமா என்று பிரிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. கணினியை அணைத்துவிட்டு, புது டிஸ்க்கின் டேட்டா கேபிளை மட்டும் உருவுங்கள். பவர் கேபிள் இருக்கட்டும். இப்போது பூட் ஆனால் மின்சாரம் போதுமானது, பூட் வரிசையையோ டிஸ்க்கையோதான் சந்தேகிக்க வேண்டும். இப்போதும் ஆகாமல், பவர் கேபிளையும் உருவிய பிறகு ஆனால், எஸ்எம்பிஎஸ்ஸையோ டிஸ்க்கின் மின்சுற்றையோ பாருங்கள்.

கணினி பூட் ஆகிறது, ஆனால் டிஸ்க் கண்ணில் படவில்லை என்றால் மதர்போர்டின் கையேட்டைப் புரட்டுங்கள். மதர்போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்) செருகினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் செயலிழந்துவிடும் மதர்போர்டுகள் நிறைய.

தயாரிப்பாளரின் சின்னத்தோடு திரை வெகுநேரம் உறைந்து கிடப்பதும் உண்டு. பயாஸ் கேட்ட கேள்விக்கு டிஸ்க் பதில் சொல்லவில்லை, இது காத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். முதலில் டேட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்படியும் உறைந்தால் டிஸ்க் சாகும் தறுவாயில் இருக்கலாம். அதைப் பூட் வரிசையில் எங்கே வைத்தாலும் பயனில்லை. கழற்றி, யூஎஸ்பி பெட்டியில் போட்டு, கணினி முழுக்க எழுந்த பிறகு செருகி, கிடைக்கிற கோப்புகளை முதலில் வெளியே எடுங்கள்.