மோடம் செத்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் எனக்கு, யுஎஸ்பி மோடத்தை மட்டும் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து, "இது செத்துப்போச்சு தம்பி, வேற ஒன்னு குடுங்க" என்று கேட்பவர்கள் புதியவர்கள் அல்லர். கண்ணாடி இழை இணையம் தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்கு, வந்துவிட்டாலும், செம்பனைத் தோட்டங்களுக்குள் இருக்கும் வீடுகள் பலவற்றில் மேசைக்கணினிக்கு இணையம் தருவது இன்றும் அந்தச் சிறு குச்சிதான். அப்படி வருபவற்றில் உண்மையிலேயே செத்தவை குறைவு. பிழை பெரும்பாலும் கணினியிலோ சிம் அட்டையிலோ இருக்கும். மோடம் பழியைச் சுமந்துகொண்டு வந்திருக்கும்.

கடைக்குப் புறப்படுவதற்கு முன் வீட்டிலேயே இரண்டு சோதனைகளைச் செய்துவிடலாம். சிம் அட்டையைக் கழற்றி ஒரு கைப்பேசியில் போட்டு, வைஃபையை நிறுத்திவிட்டு, இணையம் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் டாப் அப் தீர்ந்திருக்கலாம், அட்டையின் காலம் முடிந்திருக்கலாம், மோடத்தின் மீது குற்றமில்லை. அட்டை கைப்பேசியில் ஒழுங்காக வேலை செய்தால், மோடத்தை வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள்; அங்கே ஓடினால் கோளாறு உங்கள் கணினியில்தான். அட்டை பின் எண் கேட்டால் மட்டும் ஊகித்து அழுத்தாதீர்கள். மூன்று முறை தவறினால் அது பூட்டிக்கொண்டு, பூட்டைத் திறக்கும் பியூக்கே எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தவறாகக் கொடுத்தால் அட்டை நிரந்தரமாகப் பயனற்றுப் போய்விடும்.

இந்தச் சோதனைகளுக்கு அப்பாற்பட்ட ஒரு கூட்டமும் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் பிள்ளைகளின் இல்லிருப்புக் கற்றலுக்காக அலமாரியிலிருந்து தேடி எடுத்த பழைய 3ஜி மோடங்களை இன்னும் பலர் வைத்திருக்கிறார்கள். ஜெண்டேலா என்ற தேசிய இணையக் கட்டமைப்புத் திட்டத்தின்படி 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாடு முழுவதும் 3ஜி சேவை நிறுத்தப்பட்டுவிட்டது. 4ஜி அறியாத மோடம் இப்போது மிஞ்சிப்போனால் 2ஜியைத்தான் பிடிக்கும். அதில் ஒரு மின்னஞ்சலைத் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். பழைய ஹுவாவே குச்சிகள் பலவற்றில் பச்சை விளக்கு 2ஜியையும் நீல விளக்கு 3ஜியையும் குறிக்கும். உங்களுடையது பச்சையைத் தாண்டுவதே இல்லையென்றால், டிரைவரை (சாதனத்தைக் கணினிக்கு அறிமுகப்படுத்தும் மென்பொருளை) மாற்றுவதிலோ விண்டோஸை மறுபடி ஏற்றுவதிலோ ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காதீர்கள். அதைப் பழுதுபார்த்துத் தருகிறேன் என்று எவரேனும் சொன்னால் நம்பவும் வேண்டாம்.

4ஜி மோடமாக இருந்து, பத்து நிமிடம் ஓடுவதும் அறுந்துபோவதுமாக இருந்தால், நான் முதலில் பார்ப்பது அது எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பதைத்தான். சிபியு பெட்டியின் முன்பக்கப் போர்ட்டுகள், அதாவது செருகுதுளைகள், மெல்லிய கம்பி வழியாக உள்ளே இருக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டுக்குச் செல்பவை. பழைய பெட்டிகளில் அந்த இணைப்பு தளர்ந்திருக்கும். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் மின்னோட்டமே தரக்கூடியது. கோபுரம் தொலைவில் இருந்தால் மோடம் உரக்கக் கத்தியாக வேண்டும், கத்துவதற்கு மின்சாரம் கூடுதலாக வேண்டும். முன்பக்கப் போர்ட் அதைத் தாங்காதபோது மோடம் ஒரு கணம் அணைந்து மீண்டும் விழிக்கும். மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட பின்பக்கப் போர்ட்டுக்கு மாற்றியதும் பாதி வழக்குகள் என் கடையிலேயே தீர்ந்துவிடுகின்றன. மாற்றிய பிறகு அதே போர்ட்டில் நிலையாக வைத்திருங்கள். வேறு போர்ட்டுக்குப் போனால் விண்டோஸ் அதைப் புதிய சாதனமாக எண்ணி வேறு காம் எண் (இணைப்பு வாயிலின் எண்) கொடுத்துவிடுவதும், பழைய இணைப்பு மென்பொருள் முந்தைய எண்ணையே தேடிக்கொண்டிருப்பதும் உண்டு. அதோடு, விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பைத் திறந்து, மின்சாரத்தை மிச்சப்படுத்தச் சாதனத்தை அணைக்க அனுமதிக்கும் குறியை நீக்கிவிடுங்கள்.

மோடத்தைச் செருகியதும் கணினியில் ஒரு சிடி டிரைவ் மட்டும் தோன்றினால் பதற வேண்டாம். பல குச்சிகள் தம் டிரைவரைத் தமக்குள்ளேயே சுமந்து வருகின்றன. முதலில் சிடி வேடம் போட்டு, டிரைவர் ஏறிய பிறகே மோடமாக மாறுகின்றன. அந்தச் சிடியைத் திறந்து நிறுவலை ஓட்டினால் போதும்.

சென்ற மழைக்காலத்தில் ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்) ஐயா ஒருவர் மூன்றாம் முறையாக அதே மோடத்தோடு வந்தார். கடைக் கணினியில் அது பிரமாதமாக ஓடியது. "வீட்டுல லைட்டெல்லாம் எரியுது தம்பி, ஆனா பேங்க் பக்கம் தொறக்க மாட்டேங்குது, பாதுகாப்பு இல்லேங்குது" என்றார். சிபியுவையும் கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் காரின் பின்னிருக்கையில் அதைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார். இயக்கியவுடன் திரையின் மூலையில் நின்ற தேதி 2010 ஜனவரி 1. மின்னலுக்குப் பயந்து தினமும் இரவில் பிளக்கைப் பிடுங்கிவிடுவது ஐயாவின் வழக்கம். மதர்போர்டில் கடிகாரத்தைக் காக்க வேண்டிய சிஆர்2032 மின்கலம், 20 காசு நாணயம் அளவே இருப்பது, தீர்ந்துபோயிருந்தது. ஆகவே ஒவ்வொரு காலையும் அந்தக் கணினி பழைய ஆண்டில் கண்விழித்தது. வங்கித் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் அந்தத் தேதியில் பிறக்கவே இல்லை. உலாவி அதை ஏற்க மறுத்தது. மின்கலத்தை மாற்றித் தேதியைத் திருத்தியதும் பக்கம் திறந்தது. பிளக்கைப் பிடுங்கும் பழக்கத்தை விடச் சொல்லவில்லை. பிற்பகல் இடி தவறாத நம் ஊரில் அது நல்ல பழக்கம்தான்.

இனி அலைவரிசை. தகரக் கூரையும் ஈரம் சுமந்த செம்பனை ஓலைகளும் கோபுரத்தின் அலைகளை விழுங்குபவை. மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் அலையின் வலுவைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைப் பாருங்கள். மைனஸ் 90 அளவில் இருந்தால் நிம்மதி, மைனஸ் 110க்கும் கீழே இறங்கினால் திண்டாட்டம். சிபியு மேசைக்கடியில் சுவரோரம் இருக்கும்போது அதன் முதுகில் செருகிய மோடத்தால் எதைப் பிடிக்க முடியும்? ஒரு நல்ல யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பி வாங்கி, சன்னலோரம் உயரத்தில் தொங்கவிடுங்கள். கம்பி ஐந்து மீட்டரை மீற வேண்டாம். குறுகியதும் தடித்ததும் மேல்.

டேட்டா மாயமாகத் தீர்கிறது என்பவர்கள், விண்டோஸில் அந்த இணைப்பை 'மீட்டர்ட்' (அளந்து செலவழிக்க வேண்டியது) என்று குறித்துவையுங்கள். இல்லையென்றால் நீங்கள் தூங்கும் நேரத்தில் விண்டோஸ் தன் புதுப்பிப்புகளை இறக்கி, முன்கட்டணத்தைக் காலி செய்துவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் தீரவில்லையென்றால் கடைக்கு வாருங்கள். மோடத்தோடு சிபியுவையும் தூக்கி வாருங்கள். திரையும் விசைப்பலகையும் என்னிடம் இருக்கின்றன.