ஜாயிண்ட் டெனன்சின்னா குத்தகை இல்லீங்க

போன வாரம் கேரளாவுல கொழிஞ்சாம்பாறைல எங்க சித்தப்பா ஒரு ஆதாரத்தோட, அதாவது நெலப் பத்திரத்தோட, தமிழ் நகலக் காட்டினாரு, அதுல ஜாயிண்ட் டெனன்ட்ஸுக்கு, அதாவது ஒரு சொத்த சேர்ந்து வெச்சிருக்கிற சொந்தக்காரங்களுக்கு, "கூட்டுக் குத்தகைதாரர்கள்"னு அடிச்சிருக்கு. நான் இந்த வார்த்தையப் பாக்குறது இதோட நாலாவது தடவை. "நம்ம நெலத்துக்கு நாமளே குத்தகைக்காரங்களாடா?"ன்னு கேக்குறாரு, பாவம் மனுசனுக்கு தூக்கமே போச்சு.

டெனன்ட்ங்கிற சொல்லுக்கு லத்தீன்ல வேர், பிடிச்சு வெச்சிருக்கிறதுன்னு பொருள், பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு. அவ்ளோதான். வாடகை குடுக்கிறவரு அதுல ஒரு வகை, நாம அதை மட்டும் புடிச்சிக்கிட்டோம்.

குத்தகைன்னா அடுத்தவங்க நெலத்தக் காசுக்கோ நெல்லுக்கோ எடுத்து உழுறது, இங்க பாட்டம்னு சொல்லுவோம். அதுலயும் 1970 ஜனவரி 1ல பாட்டமுறையே ஒழிஞ்ச கேரளா இது, இங்க போயி சொந்தக்காரன் பேருக்குப் பக்கத்துல குத்தகைன்னு எழுதினா பெரியவங்க பதற மாட்டாங்களா? ஆளாளுக்குத் தனிப் பங்கோட சேர்ந்து வெச்சிருக்கிற டெனன்சி இன் காமனுக்கு "பொதுக் குத்தகை"யாம், கோயில் நெலத்த ஏலம் விட்ட மாதிரி இருக்கு. பொதுவுடைமைன்னு போடலாம்னா அது எப்பவோ கம்யூனிசத்துக்குப் போயிருச்சு. கூட்டுரிமைன்னு சிலர் சொல்றாங்க, ஆனா பக்கத்துக் காட்டுக் கிணத்துல தண்ணி எறைக்கக்கூட நமக்குக் கூட்டுரிமை இருக்கும், அதுக்காகக் கிணறு நம்மளுது ஆயிருமா?

ஜாயிண்ட் டெனன்சில ஒருத்தர் செத்தா அவர் பாத்தியதை மிச்சம் இருக்கிறவங்களுக்கே போயிரும், அவரு புள்ளைங்களுக்கு வராது. இதுக்கு கூட்டுடைமைன்னு வெச்சுக்கலாம். இன் காமன்ல வரப்பு போடலைன்னாலும் ஆளாளுக்குப் பங்கு உண்டு, செத்தா அவங்கவங்க வாரிசுக்கு. இது பங்குடைமை. பங்காளிங்கிற சொல்லையே வீட்டுல வெச்சுக்கிட்டு ஏன் குத்தகைய எரவல் வாங்கணும்? 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 19ஆம் பிரிவுல, ரெண்டு பேரோ அதுக்கு மேலயோ சேர்ந்து வாரிசா வந்தா இந்தப் பங்குடைமைதான்னு தெளிவா இருக்கு. கேரளாவுல 1976 டிசம்பர் 1ல அமலுக்கு வந்த கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டமும், மிதாட்சரா (பொறந்ததுமே சொத்துல உரிமை வர்ற இந்து கூட்டுக்குடும்ப முறை) குடும்பத்துச் சொத்த பாகம் வெச்சாச்சுன்னே கணக்காக்கி இப்படித்தான் மாத்திருச்சு. அப்ப சொல்லு தப்பாப் போனா யாரு புள்ளைக்கு நெலம்ங்கிறதே மாறுது, இதை அடிக்கிறவங்க ஒரு நிமிசம் யோசிக்க வேண்டாமா?

அதே நகல்ல அப்ரைசலுக்கு "விலை நிர்ணயம்"னு வேற இருக்கு. வந்து பாக்குறவரு எங்கீங்க விலைய நிர்ணயிக்கிறாரு, இந்த எடம் இவ்ளோக்குப் போகும்னு கணிச்சு எழுதித் தர்றாரு, அது மதிப்பீடு. ரெண்டையும் பேனாவுல அடிச்சுத் திருத்தி சித்தப்பாகிட்டயே குடுத்து விட்டிருக்கேன், மறுபடி டைப் பண்ணிட்டு வரச் சொல்லி.