செல்ஃப் மோட்டார் கழன்று வரவில்லையா? சுத்தியலை எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பேட்டரி வயரை எடுத்தாயிற்று, மோட்டாரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டும் கையில் இருக்கின்றன. ஆனால் பட்டனை அழுத்தியதும் பைக் இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் அந்த செல்ஃப் மோட்டார் மட்டும் இம்மியும் அசையவில்லை. வீட்டிலேயே வண்டியில் கை வைப்பவர்கள் பலரும் பொறுமை இழப்பது இந்த இடத்தில்தான். திருப்புளியைச் சந்தில் செருகி நெம்புகிறார்கள், அதுவும் சரிப்படாவிட்டால் சுத்தியல். பட்டறைக்கு அந்த வண்டி வரும்போது, ஒரு கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு) மாற்றினால் முடிந்திருக்க வேண்டிய வேலை, இன்ஜின் கேஸின் காது, அதாவது போல்ட் ஏறும் முனை, உடைந்த வேலையாக மாறியிருக்கும். இப்படி வரும் வண்டிகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. கொஞ்சம் நேரம் கொடுத்திருந்தால் தானாக வந்திருக்கும் மோட்டார் அது.

முதலில் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: மோட்டாரைக் கழற்றத்தான் வேண்டுமா? பட்டனை அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் மட்டும் வருகிறது என்றால் பாதிக்கு மேல் பேட்டரியோ, மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேயோ, வயர் முனையோதான் காரணமாக இருக்கும். ஒரு மல்டிமீட்டர் போதும். நன்றாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்டும். பட்டனை அழுத்தும்போது அது 9.5-க்கும் கீழே விழுந்தால் முதலில் பேட்டரியைக் கவனியுங்கள். பேட்டரி நன்றாக இருந்து, பட்டனை அழுத்தும்போது மோட்டாரின் முனைவரை 10 வோல்ட்டுக்கு மேல் வந்தும் அது சுற்றவில்லை என்றால், மோட்டார் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே எர்த்தை, அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வழியை, பாருங்கள். அழுத்தியபடியே அளக்கும்போது அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அதுவும் சரியாக இருந்து, இன்ஜினும் இறுகாமல் சுற்றுகிறது என்றால், சரி, மோட்டாரைக் கழற்றலாம்.

அது ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது? மோட்டாரின் மூக்குப் பகுதி இன்ஜின் கேஸில் உள்ள வட்டத் துளைக்குள் போய் உட்காரும். நடுவில் ஆயில் கசியாமல் இருக்க ஒரு ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம். மூக்கும் கேஸும் இரண்டுமே அலுமினியம். மழைத்தண்ணீர், சேறு, உப்புக்காற்று எல்லாம் அந்த மெல்லிய இடுக்கில் தங்கி, அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். அந்தப் பொடி, அது உருவான உலோகத்தைவிட அதிக இடம் எடுத்துக்கொள்ளும். அதனால் இடுக்கு அடைத்துக்கொண்டு மோட்டாரை நெருக்கிப் பிடிக்கும். ஓ-ரிங்கும் வருஷக்கணக்கான சூட்டில் கெட்டியாகி ஒட்டிக்கொள்ளும். பிரஷர் வாட்டர் அடிக்கும்போது குழாயை நேராக இந்த இடத்தில் காட்டினால் இதெல்லாம் இன்னும் சீக்கிரம் நடக்கும்.

வேலையை இன்ஜின் ஆறிய பிறகு தொடங்குங்கள். மோதிரம், உலோகச் செயின் வைத்த வாட்ச் இருந்தால் கழற்றி வையுங்கள். பேட்டரியில் மைனஸைத்தான் முதலில் எடுக்க வேண்டும். பிளஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் சேசிஸில் பட்டால், அந்த நொடியே நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து ஸ்பேனர் பழுக்கக் காய்ந்துவிடும்.

அடுத்து மோட்டாரின் வயர் முனை. ரப்பர் மூடியை விலக்கினால் ஒரு நட்டு தெரியும். பெரும்பாலான மோட்டார்களில் அதற்குக் கீழே இன்னொரு நட்டும் இருக்கும். மேலே உள்ளதைத் திருகும்போது கீழே உள்ளதை இன்னொரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் பலமாகத் திருகினால் நட்டு ஏறியிருக்கும் மரைத்தண்டே (ஸ்டட்) சேர்ந்து சுற்றும், உள்ளே பிரஷோடு போகும் இணைப்பு முறியும், சுற்றியுள்ள இன்சுலேட்டர் விரிசல் விடும். நல்ல மோட்டார் கெட்டுப்போவது அங்கேதான்.

போல்ட்டுக்கு வருவோம். பெரும்பாலும் இவை 6 மில்லிமீட்டர் மரை கொண்ட சின்ன போல்ட்கள், சுலபமாக முறியும். ஆறு முனை உள்ள சாக்கெட்டே போடுங்கள், பன்னிரண்டு முனை சாக்கெட் தலையை வழித்துவிடும். கழற்றும் முன் துளியளவு இறுக்குகிற பக்கம் திருப்பிப் பாருங்கள், துருவின் பிடி அதில் விடும். திருகும்போது போல்ட் கழலாமல் முறுகுவதுபோலக் கைக்குத் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். எண்ணெய் விட்டு, கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே என்று முன்னும் பின்னுமாகக் கொண்டுவாருங்கள்.

இரண்டு போல்ட்டும் வந்தாயிற்று, மோட்டார் வரவில்லை. இப்போது வேறு ஏதாவது பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எர்த் வயர், கேபிள் கிளிப், மோட்டாரை ஒட்டிப் போகும் ஏதாவது ஹோஸ் பைப். இவற்றில் ஒன்றைக் கவனிக்காமல் மோட்டாரோடு மல்லுக்கட்டுபவர்களும் உண்டு.

எதுவும் இல்லையென்றால் துரு இளக்கும் எண்ணெயை மூக்கும் கேஸும் சேரும் கோட்டைச் சுற்றி விடுங்கள். பிரேக் டிஸ்க்கிலும் டயரிலும் படாமல் துணி கட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் வண்டியை விட்டு நகர்ந்துவிடுங்கள். பத்து நிமிஷம் போதாது, ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் இன்னொரு முறை விடுங்கள். இந்த வேலையில் எண்ணெயும் நேரமும் செய்வதை எந்தச் சுத்தியலும் செய்யாது என்பது என் உறுதியான கருத்து.

ஏன் சுத்தியல் வேண்டாம் என்று இவ்வளவு சொல்கிறேன்? மோட்டாரின் உருளைக்கு உள்பக்கம் காந்தங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஃபெரைட் காந்தங்கள், பீங்கான்போல நொறுங்கும் பொருள். வெளியிலிருந்து ஓங்கி அடித்தால் மேலே ஒரு கீறல்கூட இருக்காது, உள்ளே காந்தம் விரிசல் விட்டோ ஒட்டு விட்டுக் கழன்றோ, நடுவில் சுற்றும் ஆர்மேச்சரில் உரசும். தட்டியே ஆக வேண்டும் என்றால், மூக்கு இருக்கும் பக்கத்து மூடியின் (முன்மூடி) போல்ட் காதின்மேல் மரத்துண்டு வைத்து, ரப்பர் சுத்தியலால் லேசாக, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டுங்கள். மோட்டாரைச் சற்று அசைத்துவிட அந்தத் தட்டே போதும்.

இழுக்கும்போது எந்த இடத்தில் சந்து விடுகிறது என்று கண்ணை அங்கேயே வையுங்கள். முன்மூடி, நடு உருளை, பின்மூடி மூன்றையும் இரண்டு நீளப் போல்ட்கள் சேர்த்துப் பிடிக்கின்றன. கேஸுக்கும் முன்மூடிக்கும் நடுவே சந்து விட்டால் நல்லது. முன்மூடிக்கும் உருளைக்கும் நடுவே விட்டால் கையை எடுத்துவிடுங்கள், மூடி கேஸிலேயே நிற்க, மோட்டார்தான் பிரிந்து வருகிறது. அப்படி வந்தால் உள்ளே அடுக்கியிருக்கும் மெல்லிய வாஷர்கள் சிதறும், பிரஷ்கள் துள்ளி வெளியே வரும், எது எந்த வரிசையில் இருந்தது என்று அப்புறம் தெரியாது. அதே காரணத்துக்காக அந்த நீளப் போல்ட்களைத் தவறிப்போய்கூடத் தளர்த்தாதீர்கள்.

இடம் இருந்தால் மோட்டாரை இடமும் வலமும் சில டிகிரி திருகித் திருகி இழுக்கலாம், ஓ-ரிங்கின் ஒட்டு அதில்தான் விடும். திருப்புளியைக் கேஸின் மேல் ஊன்றி நெம்புவது மட்டும் வேண்டவே வேண்டாம். மோட்டார் உட்காரும் அந்தச் சீவிய பரப்பில் ஒரு பள்ளம் விழுந்தால் அப்புறம் ஆயில் கசியலாம்.

அப்படியும் வரவில்லையா? கேஸைச் சூடாக்கலாம், ஆனால் ஹாட் ஏர் கன் மட்டும்தான், நெருப்பு கூடவே கூடாது. பக்கத்திலேயே பெட்ரோல் டேங்கும் டியூபும் இருக்கின்றன, நீங்கள் விட்ட எண்ணெயும் தீப்பற்றக்கூடியது. எண்ணெயைத் துடைத்துவிட்டு, டேங்கை இறக்கித் தள்ளி வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். துளையைச் சுற்றியுள்ள கேஸை மட்டும் சூடாக்குங்கள், மோட்டாரில் அடிக்காதீர்கள். 40 மில்லிமீட்டர் அலுமினியத் துளை 60 டிகிரி கூடுதல் சூட்டில் ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர் விரியும். கேட்க அற்பமாக இருந்தாலும் பூத்துப்போன பொடியின் பிடியை விடுவிக்க அது உதவும்.

மோட்டார் வெளியே வந்ததும் துளையில் சுத்தமான துணியை அடையுங்கள். வெள்ளைப் பொடியைத் தேய்த்து எடுக்கும்போது ஒரு துகள்கூட இன்ஜினுக்குள் போகக்கூடாது. மாட்டும்போது புது ஓ-ரிங், அதன்மேல் கொஞ்சம் இன்ஜின் ஆயில். காதும் கேஸும் சேரும் இடம் பளிச்சென்று உலோகமாகத் தெரியட்டும், பெரும்பாலான வண்டிகளில் மோட்டாருக்கு எர்த் அந்த வழியாகத்தான் கிடைக்கிறது. போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்று வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். பேட்டரியில் இந்தத் தடவை பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில்.

நடுவில் போல்ட் தலை முறிந்துவிட்டால் அங்கேயே நிறுத்தி, வண்டியை அப்படியே மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். மோட்டார் வந்த பிறகு போல்ட்டின் மிச்சம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அதைப் பிடித்துத் திருகி எடுத்துவிட வழி உண்டு. கை டிரில்லால் கோணலாகத் துளைத்த பிறகு கொண்டுவந்தால், இன்ஜினையே இறக்கி லேத் பட்டறைக்கு அனுப்ப வேண்டி வரலாம்.