புல் பதிக்கும் முன் கோரையை எழுப்புங்கள்

வீட்டு முன்புறத்தில் கொரியன் புல் பதிக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஆள் வைத்து மண்ணைக் கொத்தி, களையை அள்ளிப் போட்டுவிட்டு, செம்மண் பரப்பி உடனே புல்லை விரித்துவிடுகிறார்கள். சில வாரங்களில் அந்தப் பச்சைப் பரப்பைப் பொத்துக்கொண்டு கோரை தலைகாட்டுகிறது, முன்பைவிட அடர்த்தியாக. அதைப் பெருக்கியது அந்த மண்வெட்டிதான்.

கோரை பார்வைக்குப் புல்லாகத் தெரிந்தாலும் புல் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. தண்டை விரலிடுக்கில் உருட்டினால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். 1977இல் களை அறிவியலாளர் லெராய் ஹோமும் அவருடைய குழுவினரும் உலகின் மோசமான களைகளை வரிசைப்படுத்தியபோது முதலிடம் கொடுத்தது இதற்குத்தான்.

அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தது அதன் கிழங்கு. செடியைப் பிடித்து இழுத்தால் இலையும் அடிக்குமிழும் மட்டும் கையோடு வரும். மண்ணை மெல்லப் பறித்துப் பார்த்தால், விறைத்த கறுப்புத் தண்டில் மணி கோத்ததுபோல் கிழங்குகள் வரிசையாக இருக்கும். கருந்தோலைக் கீறினால் வெள்ளைச் சதை, மருந்து வாசம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கோரைக்கிழங்கு இதுவேதான்.

இந்த வரிசையில் முளைவிட்டிருக்கும் நுனிக் கிழங்கு மற்றவற்றை முளைக்கவிடாமல் அடக்கி வைத்திருக்கிறது. தாவரவியலில் இதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர். மண்வெட்டி வரிசையைத் துண்டித்ததும் அந்தப் பிடி விட்டுப்போகிறது. உறங்கிக் கிடந்த கிழங்குகள் தனித்தனியே முளைக்கின்றன. மூன்று நான்கு வாரம் விட்டால் அவையும் புதுக் கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும்.

ஆகவே கொத்துவது தவறல்ல, கொத்திவிட்டு உடனே புல்லை விரிப்பதுதான் தவறு. உறங்கும் கிழங்கை எந்த மருந்தும் எளிதில் தொடாது. முளைத்த கிழங்கோ சேமித்த மாவுச்சத்தைச் செலவழித்து இளைத்திருக்கும். கொத்திய மண்ணுக்கு நீர்விட்டு, எல்லாவற்றையும் முளைக்க வையுங்கள். புதுக் கிழங்கு பிடிப்பதற்குள் முளையைக் கிழங்கோடு தோண்டி எடுங்கள். சலிக்காமல் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

சித்திரை, வைகாசி வெயில் இருந்தால் வேலை பாதியாகும். கோரைக்கிழங்கு வறட்சியைத் தாங்காது. புரட்டிப் போட்ட கிழங்கு வெயிலில் ஈரம் வற்றினால் செத்துவிடும். கோடை உழவின் பலன் இதில்தான் இருக்கிறது. ஈரமண்ணின் மேல் பாலித்தீன் தாளை இறுக்கமாக விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி, நான்கு முதல் ஆறு வாரம் வைப்பது இன்னொரு வழி. தாள் கண்ணாடிபோல் தெளிவாக இருக்க வேண்டும், கறுப்புத் தாள் உதவாது. இருட்டில் வளரும் கோரை முளை கூராகவே நீண்டு தாளைத் துளைத்துவிடும். வெளிச்சம் பட்டால் தாளுக்கு அடியிலேயே இலை விரிந்து முனை மழுங்கிவிடும். பிறகு சூட்டில் வேகும். ஆழத்தில் இருப்பவை மட்டும் இதிலும் தப்பிக்கும்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லி இலை வழியே நுழைந்து, சர்க்கரையோடு சேர்ந்து கிழங்குக்கு இறங்குகிறது. அதனால் இலை நன்றாக விரிந்திருக்கும்போதுதான் அது பலிக்கும். மத்திய அரசு 2022 அக்டோபரில் அதன் பயன்பாட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. ஒரு சென்ட் முற்றத்துக்கு நான் வெயிலையும் பொறுமையையுமே நம்புவேன்.

கோரையில் முளைக்கக்கூடிய விதை அபூர்வம். பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் மண்ணோடுதான் அது வீட்டுக்குள் நுழைகிறது. லாரியில் வரும் செம்மண்ணைச் சலித்த பிறகே பரப்புங்கள். நர்சரியில் புல் வாங்கும்போது துண்டைத் திருப்பி, அடிமண்ணில் கறுப்புக் கிழங்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.