குழந்தைக்குத் தைராய்டு குறைவா? அரசின் ஆர்பிஎஸ்கே திட்டம் உதவும், ஆனால் அதற்காகக் காத்திருக்க முடியாது

"பிள்ளை அழுவதே இல்லை, பால் குடித்ததும் தூங்கிவிடுகிறது, தங்கமான பிள்ளை" என்று பாட்டிமார் மெச்சுவார்கள். பெரும்பாலும் அது சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யாமல் பிறந்த குழந்தையும் இப்படித்தான் இருக்கும். கூடவே மலச்சிக்கல், தொப்புள் புடைப்பு, கரகரத்த அழுகை, வாரக்கணக்கில் இறங்காத மஞ்சள் காமாலை. பிறந்த அன்று இதெல்லாம் தெரியாது, ஏனென்றால் தாயிடமிருந்து வந்த ஹார்மோன் கொஞ்ச நாள் ஓட்டிக்கொடுக்கும்.

சரி, அரசு என்ன தருகிறது? 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய கார்யக்ரம், அதாவது ஆர்பிஎஸ்கே, பிறந்ததிலிருந்து 18 வயது வரை பிறவிக் குறைபாடு, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் பார்க்கிறது. மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறையும், அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வரும். ஏதாவது தென்பட்டால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி, காது பரிசோதனை எல்லாம் அங்கே இலவசம்.

சிக்கல் எங்கே என்றால், பிறவித் தைராய்டு குறைபாடு இத்திட்டத்தின் கட்டாயப் பட்டியலில் இல்லை, மாநிலங்கள் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இது பெரிய ஓட்டை. மாத்திரையைப் பிறந்த இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகள் மற்றவர்களைப் போலவே வளர்ந்து படிப்பார்கள். அங்கன்வாடிக்குக் குழு வரும்வரை விட்டால் மூளைக்கு நேர்ந்த இழப்பை எந்தப் பயிற்சியாலும் முழுசாக மீட்க முடியாது.

அதனால் பிரசவ வார்டிலேயே "டிஎஸ்எச் பார்த்தாச்சா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். தைராய்டு குறைவைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனைதான் அது. குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தம் போதும், 48 முதல் 72 மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது. அதற்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டால் மூன்றாம் நாள் எங்கே வர வேண்டும் என்று கேட்டு வையுங்கள், ரிசல்ட்டையும் கையில் வாங்குங்கள்.

குறைபாடு உறுதியானால் லெவோதைராக்சின் மாத்திரை, தினமும். பொடித்து, ஒரு ஸ்பூன் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கலந்து உடனே கொடுக்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் சொட்டு மருந்துகளோடு சேர்த்துத் தரக்கூடாது. அப்புறம், பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சில குழந்தைகளுக்கு இது தற்காலிகம்தான், ஆனால் அதை மூன்று வயதுக்குப் பிறகு மருத்துவரே மாத்திரையை நிறுத்திப் பார்த்து, மறுபடி ரத்தம் எடுத்துச் சொல்வார்.